ஈ ஃப்ளாட்டுக்கு ஒரு விரல்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

உன் முகவரியை அம்மா கொடுத்தாள். கொடுக்கும்போதே, "அவ பதில் போடலன்னா எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாதே" என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே நீ பதில் போடாவிட்டால் அழுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒத்திகைக் கூடத்தின் பெரிய கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. நடுவில் என் வலது கைச் சுண்டுவிரல். எலும்பு முறிந்திருக்கிறது. தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். யாருக்கோ வழி காட்டுவதுபோல அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டுப் பிரிக்க ஏப்ரல் ஆகுமாம். பிரித்த பிறகு மடங்குமா என்று கேட்டேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

மார்ச் கடைசியில் கச்சேரி. இந்த இசைக்குழுவில் முதல் கிளாரினெட் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எந்தச் சிம்பொனி வராதா என்று காத்திருந்தேனோ, அதையேதான் வாசிக்கப் போகிறார்கள். இரண்டாம் பகுதியில் வயலின்கள் எல்லாம் ஓய்ந்துபோய், கிளாரினெட் மட்டும் தனியாகப் பேசுமே, அதுதான். அந்த நேரம் பார்த்துக் கதவு சாத்திக்கொண்டது.

கண்டக்டர் பரிவாகத்தான் பேசினார். (அம்மாவுக்கு இன்னும் அவர் "டிக்கெட் குடுக்காத கண்டக்டர்"தான்.) "விரல் சரியாகட்டும்மா. அதுவரைக்கும் ரெண்டாவது நாற்காலிக்காரர் உங்க இடத்துல ஊதட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். இந்த ஊரில் எல்லாரும் "பாக்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மத்த விரலெல்லாம் இருக்கே சார். ஊதிக் காட்டறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். மார்ச் ஆறாம் தேதி கேட்பதாக ஒப்புக்கொண்டார். வாய் கொடுத்துவிட்டேன். எப்படி ஊதப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

நீ நாடகக் கொட்டகையில் மேடைக்குக் கீழே குழிக்குள் உட்கார்ந்து ஊதுகிறாய். அங்கே கம்பெனிக் கிளாரினெட்டில் விரலால் அழுத்துகிற சாவிகளில் பாதி ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சாவி வேலை செய்யாவிட்டால் நீ என்ன செய்வாய்? அதை மட்டும் எழுது. மற்றதைப் பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வருத்தப்படுகிறேன். விரலுக்காக.

கேட்டதற்கு மட்டும் பதில்.

வலது சுண்டுவிரலுக்கு நாலு சாவி. அதில் மூன்றுக்கு இடது பக்கம் இரட்டைப்பிறவி இருக்கிறது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் அதே ஸ்வரம்தான். நாம் வலது, இடது என்று மாற்றி மாற்றி எடுத்துப் பழகிவிட்டோம். இனி அந்த மூன்றையும் இடது சுண்டுவிரலே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு ஸ்வரம் அடுத்தடுத்து வந்தால் விரலைத் தூக்கி வைக்காதே. ஒரு சாவியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போ. அதற்கு முன்னால் மூக்கின் ஓரத்தில் விரலைத் தேய்த்துக்கொள். அந்தப் பிசுக்குக்கு எந்த எண்ணெயும் ஈடில்லை. குழியில் எல்லாரும் செய்வது. உன் கண்டக்டரிடம் சொல்லாதே.

நாலாவது சாவிக்கு ஜோடி இல்லை. அதாவது நடு ஈ ஃப்ளாட் ஸ்வரம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சின்னவள்

பி.கு: அந்த சோலோ எனக்கும் மனப்பாடம். குழலின் கழுத்துப் பக்கம் வருகிற தொண்டை பி ஃப்ளாட்டில்தானே ஆரம்பம்? கிளாரினெட்டிலேயே மட்டமான ஸ்வரம். சளி பிடித்தவள் கூப்பிடுகிற மாதிரி. எல்லாரும் அப்படித்தான் ஊதுகிறார்கள். கேட்பவர்களும் கிளாரினெட் என்றால் அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டார்கள்.

நீ ஒன்று செய். எப்போதும்போல மேலே இரண்டு சாவியைத் திற. அதே நேரத்தில் கீழே வலது கையின் மூன்று துளைகளையும் மூடு. இடது மோதிர விரலையும் வைத்துக்கொள். காற்று மேலேயே வெளியே போய்விடுகிறது, கீழே மூடி என்ன ஆகப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் கை மறந்து விரல்கள் கீழேயே கிடந்துவிட்டன. பக்கத்தில் டிரம் வாசிப்பவன் திரும்பிப் பார்த்து, "கருவி மாத்திட்டியா?" என்றான். சளி போய்விடும் அக்கா. ஸ்வரத்துக்கு ஒரு வயிறு வந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. அடுத்து சி-க்குத் தாண்டும்போது எல்லா விரலும் ஒரேயடியாக விழ வேண்டுமே, அங்கேதானே நமக்கு எப்போதும் தடுக்கும்? இப்போது பாதி விரல் ஏற்கெனவே இடத்தில் இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஏ சாவியோடு, வலது ஆள்காட்டி விரலால் பக்கச் சாவிகளில் மேலிருந்து இரண்டாவதைத் திற. அதுவும் பி ஃப்ளாட்தான், ஆனால் கண்ணாடி மாதிரி பளிச்சென்று வரும். முதலாவது இருட்டு, இது வெளிச்சம். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்.

பின்குறிப்பு கடிதத்தைவிட நீளமாகிவிட்டது. அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதே.


பிப்ரவரி 12

வாண்டு,

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றாள். நான்தான் ஊதினேன் என்றால் நம்பவில்லை. உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

உன் கடிதத்தை மேசையில் விரித்து, பால் டம்ளரை மேலே வைத்து, நின்றபடியே ஊதினேன். முதலில் பழைய பி ஃப்ளாட். அப்புறம் கீழே விரல்களை வைத்துக்கொண்டு. ஊதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலமும் இது இந்தக் குழலுக்குள்ளேயேதான் இருந்ததா? நமக்கு முதல் பாடப் புத்தகத்தில் ஒரு படம் போட்டு, கறுப்பு வட்டம் மூடியது, வெள்ளை வட்டம் திறந்தது என்று காட்டினார்கள். படத்தில் இருந்ததைத் தவிர வேறு வழி இருக்கலாம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பிறகு ஒவ்வொரு விரலாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு விரலுக்கு ஒரு நிறம். நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் வைத்தால் ஒரு மாதிரி, ஆள்காட்டியும் சேர்ந்தால் வேறு மாதிரி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மூக்கு வைத்தியமும் செய்தேன். இடது சுண்டுவிரல் பனிக்கட்டியில் போகிற மாதிரிப் போகிறது. அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் போகிறது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. மேல் ஸ்தாயி. அங்கே எல்லா ஸ்வரத்துக்கும் அந்தச் சுண்டுவிரல் சாவியையும் சேர்த்துத் திறப்போம் இல்லையா? அது இல்லாமல் ஊதினால் சுருதி இறங்கிவிடுகிறது. சுருதி காட்டும் முள் என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. உதட்டை இறுக்கித் தூக்கினால் சுருதி வருகிறது, நாதம் கீச்சென்று போய்விடுகிறது. நீ என்ன செய்வாய்?

"விரலுக்காக" என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நீ ஏன் உதட்டோடு மல்லுக்கு நிற்கிறாய்? கணக்கைத் தலைகீழாகப் போடு.

எங்கள் குழி எப்படி இருக்கும் தெரியுமா? மேலே மேடை விளக்கு, பக்கத்தில் மூச்சுவிடும் ஆட்கள், காற்று வர ஒரு கையகல ஜன்னல். இடைவேளைக்குள் கிளாரினெட் சூடேறி சுருதி மேலே போய்விடும். பியானோ மட்டும் அசையாது. அதனால் எனக்கு வேலையே சுருதியை இறக்குவதுதான். குழலைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் எல்லாம் இறங்கும், ஆனால் ஒரே அளவில் இறங்காது. தொண்டை ஸ்வரங்களுக்குக் குழல் குட்டை. அதனால் அவைதான் அதிகமாக இறங்கும். அங்கே இறங்கியதை இங்கே ஏற்ற வேண்டும், இங்கே ஏற்றியதை அங்கே இறக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நான் ஊதுவது பாதி, பஞ்சாயத்து பண்ணுவது பாதி.

உனக்கு நேர்மாறான வியாதி. ஆகவே ஊதுவாய்க்குக் கீழே இருக்கும் துண்டை உள்ளே தள்ளு. நூல் அளவு போதும். எல்லாம் ஏறும். மேல் ஸ்தாயி கொஞ்சம் ஏறும். மீதியை உன் உதடு தூக்கிக்கொள்ளும், கீச்சிடாது. தொண்டை ஸ்வரங்கள் அளவுக்கு மீறி ஏறிக் கத்தும். கத்தட்டும். அவற்றை இறக்கத்தான் உன்னிடம் இப்போது வலது கை விரல்கள் இருக்கின்றனவே. கீழே ஒரு துளையை மூடினால் சுருதி ஒரு மயிரிழை இறங்கும், ஒரு சாவியைத் திறந்தால் ஏறும். எந்த ஸ்வரத்துக்கு எத்தனை விரல் என்று நீயே கண்டுபிடி.

இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இங்கே இதைப் பேச ஆள் இல்லை. டிரம்காரனிடம் சொன்னேன். "சுருதியா? எனக்கு அதெல்லாம் கிடையாது" என்றான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ ஆரம்பித்த கடிதப் போக்குவரத்து, அதனால் கேட்க உரிமை இருக்கிறது. அந்த நாற்காலிக்குத் தேர்வு நடந்த அன்று, தாழ்வாரத்தில் என் முறைக்காக மடியில் கிளாரினெட்டோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. உள்ளேயிருந்து என் சொந்த அக்கா வெளியே வந்தாள். முந்தின நாள் ஒரே அறையில் படுத்திருந்தோம். நான் தேர்வுக்குப் போவது உனக்குத் தெரியும். நீயும் போவதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் ஊதுவாயில் கட்டும் நாணல் ரீடை நானே சுரண்டிக் கொடுத்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை?

சின்னவள்


பிப்ரவரி 22

வாண்டு,

முதலில் உன் கேள்வி, இல்லாவிட்டால் மற்றதை எழுத முடியாது.

சொல்லியிருந்தால் நீ ரீட் சுரண்டிக் கொடுத்திருப்பாய். தெரியும். அதோடு நிற்க மாட்டாய், தேர்வுக்கே போக மாட்டாய். "அக்காவுக்கு வேணுமாம்" என்று விலகிவிட்டிருப்பாய். சின்ன வயதில் எல்லாவற்றிலும் அப்படித்தானே செய்தாய்? நீ விட்டுக்கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி வந்தால் அதில் நான் எப்படி உட்காருவேன்? திரைக்குப் பின்னால் இரண்டு பேரும் ஊதட்டும், யார் என்று தெரியாமல் அவர்கள் பொறுக்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நீ வீட்டை விட்டே போய்விடுவாய் என்று மட்டும் நினைக்கவில்லை.

சரி. அடுத்தது.

பஞ்சாயத்து தீர்ந்துவிட்டது. துண்டை உள்ளே தள்ளினேன். ஏ எகிறியது, மூன்று விரலை மூடினேன், படிந்தது. ஜி-க்கு ஒரு விரலே போதும். மேல் ஸ்தாயியில் முள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு குழல் முழுக்க ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஒன்றைத் தொட்டால் எங்கேயோ இன்னொன்று அசைகிறது. அம்மா என்னைப் பார்த்து, "விரல் ஒடிஞ்சவ இவ்வளவு சந்தோஷமா இருக்கக் கூடாது, டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

மிச்சம் அந்த ஈ ஃப்ளாட். சோலோவின் உச்சி அதுதான். பி ஃப்ளாட், சி, டி என்று ஏறி அங்கே போய் நிற்க வேண்டும், மூச்சு இருக்கும்வரை, மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு.

செய்யாதது ஒன்றும் இல்லை. மோதிர விரலை எட்டிப் போட்டேன். அதன் துளை திறந்துகொண்டு வாத்து கத்தியது. முழங்காலால் சாவியைத் தள்ளிப் பார்த்தேன். ஸ்வரம் வந்தது, ஆனால் அதற்கு நான் கொக்கு மாதிரி நிற்க வேண்டியிருந்தது. விரலை ஒன்று விட்டு ஒன்று வைத்து ஊதினேன். ஈ-யும் இல்லை, ஈ ஃப்ளாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறது. இடது பக்கமும் அந்தச் சாவி வைத்த கிளாரினெட் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. உன் விரல்முறைகள் எதுவும் அதில் படியவில்லை.

ஒரே ஒரு ஸ்வரம். அதற்கு ஏதாவது சொல்லேன்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் காரணத்தைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத மாட்டேன்.

ஈ ஃப்ளாட்டுக்கு ஒரு வழி தோன்றுகிறது. கேட்டதும் கோபப்படாதே.

போன மழையில் எங்கள் கருவியில் ஒரு சாவி ஊறி ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டின் நடுவில் அந்த ஸ்வரம் வரும். பக்கத்தில் சாக்ஸபோன் ஊதுகிறவரைக் காலால் இடித்து, சைகை காட்டினேன். சரியாக அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை ஊதினார், நான் வாயை எடுக்காமல் சும்மா இருந்தேன், அடுத்த ஸ்வரத்தில் நான் பிடித்துக்கொண்டேன். கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே பாடிக்கொண்டிருந்த அம்மாளுக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு ஸ்வரத்தை வேறு யாராவது ஊதட்டும். நீ டி-யில் மூச்சை நிறுத்து. அவர் ஈ ஃப்ளாட்டில் தொடங்கட்டும். இறங்கும்போது மறுபடியும் டி-யில் நீ வா. தையல் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

சின்னவள்


மார்ச் 7

வாண்டு,

கோபம் வரத்தான் செய்தது. என் சோலோவில் ஒட்டுப் போடுவதா என்று உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்து மறுபடி படித்தேன். மறுநாள் காலையில் சூட்கேஸிடம் போய்க் கேட்டேன்.

சூட்கேஸ் என்பது இரண்டாவது நாற்காலிக்காரர். கிளாரினெட் பெட்டியை ஒரு பெரிய சூட்கேஸுக்குள் வைத்துத்தான் தூக்கி வருவார், வெளியூர் போகிறவர் மாதிரி. நான் போனால் என் இடம் அவருக்கு. அவரிடமே உதவி கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரோ, "அட, நல்லா இருக்கே. வாங்க, செஞ்சு பாப்போம்" என்று அப்போதே பெட்டியைத் திறந்துவிட்டார்.

நேற்று கண்டக்டர் கேட்டார். பி ஃப்ளாட்டை ஊதினேன். அவர் உடனே கையை உயர்த்தி நிறுத்தினார். "இந்த ஸ்வரம் எங்கிருந்து வந்தது? இதுக்கு முன்னால உங்ககிட்ட இது இல்லையே" என்றார். "தங்கச்சி குடுத்தா சார்" என்றேன். திரும்பவும் ஊதச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேல் ஸ்தாயி எல்லாம் கேட்டார். ஒரு குறை சொல்லவில்லை.

அப்புறம் உச்சி. நான் நிறுத்தினேன், சூட்கேஸ் எடுத்தார். இம்மியும் தவறில்லாத நேரத்தில், சரியான சுருதியில். ஆனால் கண்டக்டர் முகம் வாடிவிட்டது. "ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். சூட்கேஸின் நாதம் மரம், என்னுடையது தண்ணீர். பாவம், அவர் மூன்று ஊதுவாய் மாற்றிப் பார்த்தார். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்கள மாதிரியே ஊதற ஆள் எங்கயாவது இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

இருபதாம் தேதி வரை பொறுப்பதாகக் கண்டக்டர் சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதில் நம் வீட்டில் ஒரே ஒரு கிளாரினெட்தான் இருந்தது. ஊதுவாயைப் பாவாடை நுனியில் துடைத்துத் துடைத்து மாற்றி மாற்றி ஊதினோம். எந்த அறையிலிருந்து யார் ஊதுகிறார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது.

வாயேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வர முடியாது.

நாற்காலி என்று வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை உனக்கு. இப்போது ஒரு ஸ்வரம் குறைகிறது, அதற்கு நான் வேண்டும். பாடுகிறவள் நீ, நடுவில் ஒரு தும்மல் மட்டும் நான். நிகழ்ச்சித் தாளில் என் பெயரை எங்கே போடுவார்கள்? ஈ ஃப்ளாட்டுக்குப் பக்கத்திலா?

விட்டுக்கொடுத்திருப்பாய் என்று எழுதினாயே, அது உண்மை. உண்மையாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கு முன்னால் நீ தெரிந்துவைத்துக்கொண்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீயே முடிவு பண்ணினாய். விலகுவதா, மோதுவதா என்று நானல்லவா முடிவு பண்ணியிருக்க வேண்டும்?

சூட்கேஸிடம் சொல்: ஈ ஃப்ளாட் ஊதும்போது இடது சுண்டுவிரலால் கீழ்ச் சாவி ஒன்றையும் சேர்த்து அழுத்தட்டும். மரம் கொஞ்சம் நனையும்.

அவ்வளவுதான்.

சின்னவள்


மார்ச் 14

வாண்டு,

நீ சொன்னது சரி. நீதான் முடிவு பண்ணியிருக்க வேண்டும். அன்றைக்கும், இன்றைக்கும். அதனால் இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

சூட்கேஸ் கீழ்ச் சாவியை அழுத்திப் பார்த்தார். நனைந்தது. இருந்தாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். இருபதாம் தேதி அவரையே முழு சோலோவையும் எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன். உன் பி ஃப்ளாட்டை அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். சின்னப் பையன் மாதிரி கூடம் முழுக்க ஊதிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த ஒரு மாதமாகக் காலையில் கண் விழித்ததும் கை கிளாரினெட்டைத்தான் தேடுகிறது. நேற்று மேல் சி-யில் கீழே ஒரு விரல் மூடினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். சுருதி அவ்வளவாக அசையவில்லை. ஆனால் ஸ்வரம் சட்டென்று தோளைத் தளர்த்திக்கொண்டது. உனக்குத் தெரியுமா இது? தெரிந்திருக்கும். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கா


மார்ச் 16

அக்கா,

தெரியாது. மேல் சி-யில் நான் இப்படிச் செய்து பார்த்ததே இல்லை. குழியில் அவ்வளவு உயரத்தில் எனக்கு வேலை அதிகம் கிடையாது. உன் கடிதம் வந்ததும் மதிய ஆட்டத்துக்கு முன்னால் காலிக் கொட்டகையில் ஊதினேன். ஆமாம், தளர்த்திக்கொள்கிறது. ஆனால் நீ எந்த விரலை மூடினாய் என்று எழுதவே இல்லை. நான் எல்லா விரலையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எது உன்னுடையது என்று கடிதத்தில் கேட்டால் நீ நாதத்தை எப்படி எழுதுவாய்?

பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். இது நான் எடுத்த முடிவு. நீ கேட்கவில்லை, நான் விட்டுக்கொடுக்கவும் இல்லை. மேல் சி-யைக் கேட்க வருகிறேன். வந்த இடத்தில் ஒரு ஈ ஃப்ளாட்டும் ஊத வேண்டியிருந்தால் ஊதிவிட்டுப் போகிறேன்.

முதலாளியிடம் அக்காவுக்கு விரல் ஒடிந்துவிட்டது என்று விடுப்புக் கேட்டேன். "அதுக்கு நீ போய் என்ன பண்ணுவே?" என்றார். "விரலா இருப்பேன்" என்றேன். புரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சின்னவள்


மார்ச் 31

அக்கா,

வந்து சேர்ந்தேன். குழியில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் இருந்தபோது சொல்லாததை இங்கே வந்து எழுதுகிறேன். வீட்டில் இருந்த நாளெல்லாம் நாம் விரல், துளை, சாவி தவிர வேறு எதுவும் பேசவில்லை என்று அம்மா குறைப்பட்டாள். அவளுக்குத் தெரியாது, எல்லாம் அதில்தான் பேசினோம்.

முதல் நாள் கச்சேரி. நீ பி ஃப்ளாட்டைத் தொடங்கினாய். சி, டி. உன் மூச்சு நிற்பதைக் காதால் கேட்டு நான் எடுத்தேன். இருபதாம் தேதி கண்டக்டர் கேட்டுச் சரி என்றதிலிருந்து ஒத்திகையில் எத்தனையோ தடவை செய்ததுதான். ஆனால் அன்றைக்கு ஈ ஃப்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, ஊதுவது நானா நீயா என்று.

அதனால்தான் விட முடியவில்லை. டி-யில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்காதே. நீ உள்ளே வந்தாய், நானும் இருந்தேன், இரண்டு பேருமாக இறங்கினோம். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் ரீடே காய்ந்துவிட்டது. டி, சி, கடைசியில் பி ஃப்ளாட்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். குழிப் பழக்கத்தில் என் கை பக்கச் சாவிக்குப் போய்விட்டது. நான் வெளிச்சம், நீ இருட்டு. ஒரே ஸ்வரம், இரண்டு நிறம். இரண்டின் சுருதியும் ஒரு மயிரிழை விலகி, நடுவில் லேசாக ஒரு அலை அடித்தது. ஐயோ, கெடுத்துவிட்டேன் என்று உன்னைப் போலவே கீழே விரல்களை மூடி இருட்டுக்கு வந்தேன். அதே நேரத்தில் நீ என்னைப் பார்த்துப் பக்கச் சாவிக்குப் போய்விட்டாய். மறுபடியும் நான் ஒன்று, நீ ஒன்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். உன் கன்னம் உப்பியிருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊதுகிறாய். எனக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் மாறவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். அந்த அலை மெல்ல அகலமாகிக்கொண்டே போய், கூடத்தின் கடைசி வரிசைவரை போய்த் தேய்ந்தது. கண்டக்டரின் இடது கை காற்றிலேயே நின்றுவிட்டது. யாரும் இருமவில்லை.

அவர் பின்னால் வந்து, "கடைசி ஸ்வரத்துல என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டபோது, "தெரியல சார்" என்றாய் நீ. அவர், "நாளைக்கும் தெரியாமலேயே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சூட்கேஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் விரலும் ஒடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் தெரிந்தே செய்தோம். அவ்வளவு நன்றாக வரவில்லை. உனக்கும் அப்படித்தானே தோன்றியது?

மணி அடித்துவிட்டார்கள். கொட்டகை நிரம்புகிறது.

சின்னவள்


ஏப்ரல் 20

வாண்டு,

நேற்று கட்டுப் பிரித்தார்கள். விரல் வெளுத்துப் போய், இளைத்துப் போய், வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டாக்டர் மடக்கச் சொன்னார். மடங்கியது. முழுசாக இல்லை, பாதிக்கு மேல். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளாரினெட்டை எடுத்தேன். சாவியை அழுத்தினேன். ஈ ஃப்ளாட் வந்தது. மெலிந்த சத்தம்தான், ஆனால் சுருதியோடு வந்தது. அம்மா கைதட்டினாள். அவள் இதுவரை எனக்குக் கைதட்டியதே இல்லை.

சூட்கேஸ் கேட்டுவிட்டு, "இனிமே நீங்களே முழுசா எடுத்துக்கலாம்" என்றார். கண்டக்டரும் அதையே சொன்னார். நாற்காலி என்னுடையதுதான் என்று ஆகிவிட்டது.

இப்போது எல்லா ஸ்வரமும் என் கையிலேயே இருக்கிறது. உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் கூப்பிடுகிறேன். எப்போது வருகிறாய்?

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

மே முதல் வாரம் கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஆட்டம் கிடையாது. வருகிறேன்.

நம் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு. இந்தத் தடவை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சின்னவள்